நான்காவது உச்சியில் ஒற்றைக் கல்

1

எங்கள் வீட்டுச் சமையலறை மேசைமேல் ஒரு வாரமாக ஒரு கல் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறக் கல். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஸ்காட்லாந்தின் வடக்கில், வேலையிடத்து நண்பர் ஒருவரோடு மலை ஏறப் போயிருந்தேன். அப்போது என் கோட்டுப் பையில் ஏறிக்கொண்டு வந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடிந்ததும் கிளம்பி, ஒரே நாளில் மூன்று நான்கு உச்சிகளைத் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ஒவ்வோர் உச்சியிலும் கற்குவியல் ஒன்று இருக்கும். ஏறி வருகிறவர்கள் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கிவந்து அதன்மேல் வைப்பார்கள். வந்தேன், போனேன், அவ்வளவுதான். அதில் வேண்டுதலும் இல்லை, சாமியும் இல்லை. பதினாறு வருடங்களாக நானும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன ஞாயிறு வைக்க முடியவில்லை. கல்லோடு குவியல் வரை போனேன், நின்றேன், பைக்குள் போட்டுக்கொண்டேன். நண்பர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

மகள் கயலுக்குப் பதினைந்து வயது. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் கல்லைத் தூக்கி அதன் அடியிலும் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். நேற்று இங்கிலீஷில் கேட்டாள், 'நிலம்' மட்டும் தமிழில்:

"அப்பா, இது நம்ம நிலத்துக் கல்லா?"

அவளுக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. பசிக்கிறது, வலிக்கிறது, போதும், நிலம். நான்காவது வார்த்தை நான் ஓயாமல் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. ஆறாம் வயதில் பள்ளிக்கூடத்துக்கு அதைப் படமாகக்கூட வரைந்து கொண்டுபோனாள். பின்னால் நீல மலை, முன்னால் நான்கு மாமரம், நடுவில் இன்னும் கட்டாத ஒரு வீடு.

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது. எழுதி முடித்தாலாவது ஆட்டம் நிற்கிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

நிலம் என்று நான் சொல்லிவந்தது, போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு துண்டு. மாரியப்பனுடையது. நானும் அவனும் போடியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் இப்போது ஜீப்பு ஓட்டுகிறான். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு என்கிற மலைக்கணவாய் ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வேலை.

நான் வெளிநாடு கிளம்பிய வருடம் என் அப்பா அம்மா இருவரும் உயிரோடு இல்லை, வாடகை வீட்டையும் காலி செய்தாகிவிட்டது. பஸ் ஏறுவதற்கு முதல் நாள் மாரியப்பன் என்னைத் தன் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேற்கு மூலையில் கடப்பாரையால் ஒரு கோடு இழுத்தான். "இந்த மேல் பங்கு ஒனக்கு. நீ வந்து கட்டுற வரைக்கும் இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றான். நான் வந்துவிடுவேன் என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

பிறகு நடந்தது, வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் நடப்பதுதான். மனைவிக்கும் மகளுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை முதலில் கிடைத்துவிட்டது. விமான நிலையங்களில் அவர்கள் ஒரு வரிசையில் சரசரவென்று போய்விடுவார்கள். நான் இன்னொரு வரிசையில், கைரேகையும் காகிதமுமாக முக்கால் மணி நேரம். "அப்பா ஏன் எப்பவும் வேற லைன்?" என்று கயல் ஒருமுறை கேட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே மே மாதத்தில், நகராட்சிக் கூடத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினேன். மூலையைக் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டை. அதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆயுசுக்கும் தங்கலாம். வயலும் தோட்டமும் மட்டும் வாங்கக் கூடாது.

அந்த ஒரு வரியைப் படித்ததும் மாரியப்பன் ஞாபகம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பேசினோம். வாராவாரம் சொல்லவில்லை.

3

இந்த ஜனவரியில் பத்து நாள் லீவில் தனியாகப் போனேன். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாரியப்பன், "பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே பேசுனோம்ல, நாலு மலையையும் ஒரே நாள்ல ஏறுவோம்னு. வா, நாளைக்கே போவோம். அப்புறம் முட்டி ஒத்துழைக்காது" என்றான். மலையில் வைத்துச் சொல்லிவிடலாம், அங்கே எழுந்து போக முடியாதே என்று நானும் சம்மதித்தேன்.

விடியற்காலையில் வேறொருவர் ஓட்டிய ஜீப்பில் தோட்டத்துப் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து போய், பாதி மலையில் இறங்கினோம். வனத்துறைச் சாவடியில் ஒரு காவலர் பெரிய நோட்டை விரித்து வைத்திருந்தார். அனுமதிச் சீட்டு மாரியப்பன் வாங்கி வைத்திருந்தது.

"ரெண்டு பேரு ஆதாரும் காட்டுங்க. வெளிநாட்டுக்காரங்க யாரும் கூட இல்லேல்ல? இருந்தா ஆபீஸ்ல தனியா எழுதி வாங்கணும்."

"யாரு, இவனா?" மாரியப்பன் சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "இவன் போடி பெரியாஸ்பத்திரியில பொறந்தவன் சார். எனக்கும் இவனுக்கும் ஒரே வாத்தியாரு, ஒரே பெரம்பு."

என்னிடம் பழைய ஆதார் அட்டை இருந்தது. அடையாளத்துக்குத்தான், குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று அந்த அட்டையே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்? காவலர் என்னைக் கேட்காமலே நோட்டில் 'இந்தியர்' என்று எழுதினார். அதன் எதிரில் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தாறு வயதில் பரீட்சையில் பிட் அடித்தவன் மாதிரி பேனாவைச் சட்டென்று திருப்பிக் கொடுத்தேன். புதுப் பாஸ்போர்ட் முதுகுப்பைக்குள் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில் இருந்தது.

முதல் உச்சிக்கு ஒத்தமரக் கரடு என்று பெயர். மரம் எப்போதோ விழுந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. பாறைமேல் யாரோ ஒரு சூலத்தை நட்டு எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள். ஏறி வந்த வேகத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. மாரியப்பன் மூச்சு வாங்காமல் குனிந்து மூன்று கல் பொறுக்கினான்.

நம் பக்கத்து மலைக்கோயில்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் கல்மேல் கல் அடுக்கிவிட்டு வருவார்கள்.

"அடிக்கல்லு தர. நடுக்கல்லு செவுரு. மேல் கல்லு கூர," என்று சொல்லிக்கொண்டே அடுக்கினான். "ஒனக்குத்தான் மாப்ளே. நாலு உச்சியிலயும் நாலு தடவ சொல்லிட்டா சாமி மறக்காது."

நான் பேச்சை மாற்றினேன். ஸ்காட்லாந்து மலைகளில் ஒருவர் ஒரு கல்தான் வைப்பார்கள், வந்து போனதற்கு அடையாளமாக என்றேன்.

"ஒத்தக் கல்லா?" அவனுக்கு ஒரே சிரிப்பு. "அத வச்சு கோழி கூட அடைய முடியாது. இதுக்காடா அம்புட்டுத் தூரம் ஏறுறாங்ய?"

4

இரண்டாவது உச்சி குதிரைமொட்டை. அங்கிருந்து அடிவாரம் முழுக்கத் தெரியும். வெயில் ஏறியிருந்தது. மாரியப்பன் இலையைப் பிரித்துப் புளிச்சோறும் மொச்சைப் பயறும் எடுத்து வைத்தான். நான் உட்காராமல் நின்றுகொண்டே தின்றேன்.

"அந்தா தெரியுது பாரு, நம்மது" என்று கையை நீட்டினான்.

கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பக்கத்து நிலங்கள் எல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் காய்ந்து கிடந்தது. இந்த லீவில் ஏதேதோ சாக்குச் சொல்லி நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன முறை நான் பார்த்த நான்கு மாமரங்கள் இருந்த இடத்தில் நிழல் எதுவும் தெரியவில்லை.

"மரம் எங்கடா?"

"பட்டுப்போச்சு."

"நாலுமா?"

"நாலும்தான். தெக்க இருக்குற சின்னக் கன்னுக பொழச்சுக் கெடக்கு. ரெண்டு போர் போட்டுப் பாத்தாச்சு, பொகதான் வந்துச்சு. டெய்லி ட்ரிப் முடிச்சு, ஜீப்புல ரெண்டு பேரல் தண்ணி ரொப்பிட்டுப் போயி ஊத்துறேன். அதுகளுக்கு நாக்கு நனையும், அம்புட்டுத்தான்."

"பக்கத்து நிலத்துல கெணறு இருக்கே. பங்கு கேட்டியா?"

மாரியப்பன் மொச்சையை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"அவரேதான் தர்றேங்கிறாரு. மேல் பங்க அவருக்கு மாத்திக் குடுத்தா, கெணத்துல பாதிப் பங்கு எழுதித் தர்றேங்கிறாரு. மூணு வருசமாக் கேக்குறாரு. நல்ல மனுசன்தான். ஆனா அது ஒன்னுதுல்ல? எப்டிக் குடுக்க?"

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். என் வேலை என்ன தெரியுமா? ஒரு ஊருக்கே குடிதண்ணீர் சுத்திகரித்து அனுப்புகிற நிலையத்தில் ஷிப்டு பார்க்கிறேன். எட்டு மணி நேரமும் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நிற்கிறேன். இங்கே ஒருவன் எனக்காக இரண்டு பேரல்களில் தண்ணீர் சுமக்கிறான்.

"கெளம்புவோமா?" என்று மட்டும் சொன்னேன். அவன் போகிற போக்கில் இன்னும் மூன்று கல் அடுக்கினான். எனக்கு என்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதை அவன் மேல் காட்டினேன். "என்னடா சும்மா கல்லு அடுக்கிட்டு, நேரமாகுதுல்ல" என்று சள்ளென்று விழுந்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவனுக்குக் கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

5

மூன்றாவது உச்சி காத்துமெட்டு. பெயருக்கேற்ற காற்று. அதன் மேற்குச் சரிவிலிருந்து ஏலத்தோட்டம் ஆரம்பமாகிறது. நெடுநெடுவென்று நிழல் மரங்கள், அடியில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. தூரை ஒட்டிக் குனிந்து பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு வேலை நின்றது. மாரியப்பனின் ஜீப்பில் தினமும் வருகிற செல்லக்கா எங்களைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியோடு மேலே ஏறி வந்தார். போடிக்காரர். இருபது வருடம் மெட்டுக்கு மேலே வேலை பார்த்ததில் மலையாளம் பாதி ஒட்டியிருந்தது.

"கட்டஞ்சாயா குடிங்க தம்பி" என்று வாளி மூடியில் பாலில்லாத டீயை ஊற்றிக் கொடுத்தார். விரல்களெல்லாம் ஏலக்காய்ச் சாறு ஏறிக் கறுத்திருந்தன. "என்ன டிரைவரே, இன்னிக்கு லீவப் போட்டுட்டு மலையில மேயுறீங்க?"

மாரியப்பன் அதற்குள் அடிக்கல்லை வைத்துவிட்டான். "இவனுக்கு வீடு அக்கா. நம்ம நெலத்துல கட்டப்போறான்."

செல்லக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கே கத. வேண்டுதல் அவருக்கு, கல்லு அடுக்குறது நீங்களா? அவுகவுக கையால வச்சாத்தான் அவுகவுகளுக்கு. நீங்க அடுக்குனா வீடு ஒங்களுக்குத்தான் வரும். தம்பி, நீங்க வையுங்க!"

கீழே மேஸ்திரி விசில் அடித்தார். "சோலி கெடக்கு, வர்றேன்" என்று செல்லக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மாரியப்பன் தான் வைத்த கல்லைத் தள்ளிவிட்டான். நல்ல தட்டையான ஒரு கல்லைத் தேடி எடுத்து, வேட்டி நுனியில் மண்ணைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"அக்கா சொல்றது சரிதான். இம்புட்டு நேரமா எனக்கு இது தோணல பாரு. இந்தா, நீயே வையி."

வாங்கினேன். கல் வெயிலில் சுட்டது. குனிந்தேன். வைக்க முடியவில்லை. சாமிக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள், எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. அவன் துடைத்துக் கொடுத்த கல்லை வைத்துப் பொய் சொல்ல முடியவில்லை, அதுதான்.

"மாரி, நான் அந்த நாட்டுக் குடிமகனா மாறிட்டேன்டா. இந்தியப் பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்தாச்சு. இனி நான் இங்க தோட்டம் காடு வாங்க முடியாது. திரும்பி வந்தே இருந்தாலும் முடியாது. சட்டம்."

அவன் முதலில் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"காலையில சாவடியில கையெழுத்துப் போட்டியே?"

"போட்டேன்."

"எப்ப மாறுன?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுது."

அவன் இரண்டு விரலை மடக்கினான். ஏதோ கணக்குப் போடுகிறான் என்று நினைத்தேன்.

"ரெண்டு கோட வெயிலு," என்றான். "நாட்ட மாத்துனா மாத்திக்க. ஒனக்கு அங்க சோறு, அங்க புள்ள. அதக் கேக்க நான் யாரு? ஆனா வாரா வாரம் பேசுனியேடா. மழ பேஞ்சுச்சான்னு கேட்ட. ஜீப்புக்கு பிரேக்கு மாத்துனியான்னு கேட்ட. இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே நான் கெணத்துப் பங்க வாங்கியிருப்பேன்ல? நாலு மரமும் நின்னுருக்கும். அதுல ஒண்ணு நீயும் நானும் குழி வெட்டி வச்சது."

"சொல்லணும்னுதான் நெனச்சேன் மாரி. நீ என்ன நெனப்பியோன்னு..."

"நான் என்ன நெனப்பேன்னு ஒனக்குப் பயம். மரம் என்ன நெனைக்கும்னு நெனச்சியா?"

அந்தக் கல்லை அடுக்காமல், ஓரமாகப் புல்லில் இறக்கி வைத்தேன். வெட்கமாக இருந்தது. அழுதிருந்தாலாவது அவன் திட்டியிருப்பான். அழுகையும் வரவில்லை.

6

அப்படியே திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவன் நான்காவது மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். முன்னால் அவன், ஐம்பதடி தள்ளி நான். காலையில் நான் அவசரப்பட்டேன், அவன் நிதானமாக வந்தான். இப்போது அவன் வெரசாக எட்டு வைக்க, நான் பின்னால் இழுபட்டேன். அது செங்குத்தான ஏற்றம். முட்டிவரை போதைப்புல் என்கிற காட்டுப்புல். எனக்கு இரண்டு முறை கால் வழுக்கியது. இரண்டாவது முறை அவன் நின்றான், ஆனால் திரும்பவில்லை. நான் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டதும் மறுபடி நடந்தான்.

அந்த உச்சிக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சூலம் இல்லை, மரம் இல்லை. ஒரு பக்கம் போடி வெயிலில் வெளுத்துக் கிடந்தது, மறுபக்கம் ஏலக்காட்டின்மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக முப்பது வருடங்களுக்கு முன்னால் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட இடம். வந்தும் சேர்ந்துவிட்டோம்.

மாரியப்பன் குனிந்தான். மூன்று கல் எடுப்பான் என்று நினைத்தேன். ஒரே ஒரு கல்லை எடுத்தான். சின்னது. அதைப் பாறையின் நடுவில், ஆடாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வைத்தான்.

"ஒங்க ஊரு வழக்கப்படி வச்சிட்டேன்," என்றான். "வந்துட்டுப் போனான்னு இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, எப்போதும் போல என்னைப் பார்த்தான்.

"வெரசா எறங்கு மாப்ளே. கெணத்துக்காரரு ஏழு மணிக்கெல்லாம் கதவச் சாத்திருவாரு. இன்னிக்கே பேசிப்புடணும். நீயும் வந்து ஒம் வாயால சொல்லு."

போனேன். அந்த மனிதர் வீட்டு வாசலில், மாரியப்பன் பக்கத்தில் நின்று, "மேல் பங்குல எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நீங்க எடுத்துக்கங்க" என்று சொன்னேன். எந்தச் சட்டத்துக்கும் தேவையில்லாத வாக்குமூலம் அது. நகராட்சிக் கூடத்தில் சத்தியம் செய்தபோதுகூட நாக்கு அப்படி ஒட்டிக்கொள்ளவில்லை.

7

நான் இங்கே திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் வரவில்லை. நான் போட்டால் எடுத்தான். "ட்ரிப்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றான். அப்புறம் பேசவில்லை. சித்திரை வந்தது. அங்கே எவ்வளவு வெயில் என்று தினமும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. மழை பேஞ்சுச்சா என்று இனி எந்த முகத்தோடு கேட்பது?

போன ஞாயிறு இங்கத்து உச்சியில் கல்லைக் கையில் எடுத்ததும் அவன் சொன்னதுதான் காதில் விழுந்தது. வைத்தால் இங்கேயும் வந்துவிட்டுப் போனவனாகிவிடுவேனோ என்று ஒரு பயம். அப்படியானால் நான் இருப்பது எங்கே? அதனால்தான் பைக்குள் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

இன்று காலை வாட்ஸப்பில் மாரியப்பனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் ஷூவை மாட்டாமலே உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். நாற்பது நொடி. குரல் இல்லை. பின்னால் கிணற்று மோட்டார் ஓட, தண்ணீர்ச் சத்தம் மட்டும். குழாயிலிருந்து முதலில் இருமி இருமி, பிறகு கொட்டி, வாய்க்காலில் ஓடுகிற சத்தம். கடைசியில் யாரோ மண்வெட்டியால் மடை மாற்றுவது கேட்டது. அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கயல் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றாள். மேசைமேல் கல், பக்கத்தில் போன், இரண்டையும் பார்த்தாள்.

"அப்பா, இது உங்க வேலை இடத்துச் சத்தமா?"

"இல்லம்மா."

"அப்போ நம்ம நிலமா?"

"மாரியப்பன் மாமா நிலம்" என்றேன்.